மக்கள் மொழியில் நீதி கண்டவர்

பூட்டுத் தொழிலுக்குப் புகழ்பெற்றது நம் திண்டுக்கல். இந்நகரின் நீதிமன்ற வாயிலில், சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வந்து, வழக்குக் கட்டைக் கையில் ஏந்தி நிற்கும் குடியானவர்களைக் காணலாம். காணி நிலம் நிலைக்குமா, கைவிட்டுப் போகுமா என்பது அக்கட்டிலேதான் இருக்கிறது. அது ஆங்கிலத்தில் இருந்துவிட்டாலோ, அவர்களுக்கு அது பூட்டிய பெட்டியே!

அப்பூட்டைத் திறக்க நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே முயன்ற பெருந்தகை ஒருவர் உண்டு. அவரே மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், கத்தோலிக்கக் குடும்பத்தில், 1826 அக்டோபர் 11-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். அப்பணியிலேதான் மொழியறியா ஏழையின் தவிப்பை அன்றாடம் அருகிருந்து காணும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அதன்பின் முன்சீப் பதவி பெற்று, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நீதி வழங்கினார்.

1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து, 1862-இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் நூலாக வெளியிட்டார். சட்டம் ஒருசிலரின் உடைமையாக இருத்தல் ஆகாது என்பதே அவர் கருத்து. தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. நீதிபதியும் வழக்கறிஞரும் வழக்காடுவோரும் தமிழராயிருக்க, வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நிகழும் விந்தையை அதிலும் அவர் கண்டித்தார்.

1872-இல் பணி ஓய்வு பெற்றார். தொண்டுக்கோ ஓய்வு தரவில்லை. மாயூரம் நகர்மன்றத் தலைவராகவும் விளங்கினார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும் பஞ்சத்தில் தம் பொருளை ஈந்து பசித்தோர்க்கு உணவளித்தார். அக்கொடையை வியந்து கோபாலகிருஷ்ண பாரதியார் பாட்டிசைத்தார். பெண் கல்விக்காகவும் எழுதினார், உழைத்தார். 1889 ஜூலை 21-இல் மறைந்தார்.

கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழங்கச் சட்டம் வழி செய்தது 1976-ஆம் ஆண்டில்தான். சட்டம் வந்துவிட்டது; ஆயினும் நீதிமன்றத் தாளைக் கண்டு அஞ்சும் எளியவர் இன்றும் நம் தெருவில் இருக்கின்றனர். அன்புக் குடும்பத்தினரே, அத்தகையவர் நம் வாயிலில் வந்து நின்றால், கற்ற நம் பிள்ளைகள் அத்தாளைப் பொறுமையோடு படித்துப் பொருள் கூறட்டும். வேதநாயகருக்கு நாம் எழுப்பும் நினைவுச்சின்னம் அதுவேயாகும்.