மன்னார்க் கடலும் மக்கள் அறிவும்

கடலை அறிந்தோர் இருவகையினர். அலையோடும் காற்றோடும் நாள்தோறும் பழகி, அப்பழக்கத்தாற் பெற்ற அறிவைத் தந்தை மகனுக்கு வாய்மொழியாக உரைத்துச் செல்ல வாழ்வோர் ஒருவகையினர். கருவி கொண்டு அளந்து, அளந்தவற்றை எழுதி, எழுதியவற்றை ஒப்புநோக்கி முடிவு காண்போர் மற்றொரு வகையினர். முன்னவர் அறிவு அவர் மறையும்போது உடன் மறையக்கூடியது. பின்னவர் அறிவு சில திங்களே கடலிற் றங்கிப் பெறப்படுதலாற் குறைவுடையது. இவ்விருவரும் கூடியவிடத்துக் கடலாராய்ச்சி சிறப்புற்றது, பிரிந்தவிடத்துத் தளர்ந்தது. மன்னார்க் கடலின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றது.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய கரையூர்களுக்கு எதிரே, கடலடியில் ஆங்காங்கே பாறைத் திடல்கள் கிடக்கின்றன. இவற்றைக் கரையோர மக்கள் 'பார்' என வழங்குவர். பெரும்பாலும் 5 முதல் 10 பாகம் வரை ஆழமுள்ள இப்பார்களிலேயே முத்துச்சிப்பிகள் பற்றி வளரும். அறிவியலார் இக்கடலுக்கு வருமுன்னரே இப்பார்களுக்கு இடமும் பெயரும் வகுத்தோர் கடலோடிகளும் முத்துக்குளிப்போருமாவர். முத்துக்குளிப்புக் காலத்தில் தோணிகளுக்கு வழிகாட்டிய தலைவர் அடப்பனார் எனப்பட்டனர். வாடை ஓய்ந்து சோளகம் எழுமுன் கடல் அமைதியுறும் பங்குனி, சித்திரைத் திங்களே குளிப்புக்கு ஏற்ற காலமென அவர்கள் அறிந்திருந்தனர். பின்வந்த ஆராய்ச்சியாளர் தம் நூல்களிலும் படங்களிலும் தமிழ்ப் பெயரையே கொண்டு 'பார்' என்றெழுதியமை, அவர்கள் யாரிடம் முதற்பாடம் கேட்டனர் என்பதைக் காட்டும்.

முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நிகழ்வதொன்றன்று. சிப்பி சில ஆண்டுகள் பெருகும். பின்னர்ப் பல ஆண்டுகள் காணாதொழியும். 1891ஆம் ஆண்டுக் குளிப்பின் பின்னர் 1903 வரையும் இக்கடலிற் குளிப்பு நிகழவில்லை. அரசாங்கத்தின் வருவாயும், அதனினும் மேலாகக் குளியாளர் குடும்பங்களின் பிழைப்பும் இதனாற் பாதிப்புற்றன. காரணங் காணும்பொருட்டு, லிவர்ப்பூலில் இயற்கை வரலாற்றுப் பேராசிரியராயிருந்த வில்லியம் ஹேர்ட்மன் 1902ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு அழைக்கப்பட்டார். அவருக்குத் துணையாக வந்த ஜேம்ஸ் ஹோர்ணல், ஹேர்ட்மன் மீண்ட பின்னரும் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். அவ்வாய்வின் முடிவுகளை இலண்டன் உரோயல் சங்கம் 1903க்கும் 1906க்கும் இடையில் 5 பகுதிகளாக வெளியிட்டது.

அவ்வாய்வுக்குட்பட்ட பெரிய பாரின் வரலாறு ஈண்டுச் சிறப்பாக நோக்கற்பாலது. கரையினின்றும் ஏறத்தாழ 20 மைல் தொலைவில், கடலடி திடீரெனச் சரிந்து ஆழமாகும் விளிம்பில், சுமார் 11 கடல்மைல் நீளத்துக்கு அது கிடக்கின்றது. அதனைக் குளியாளர் 'தாய்ப்பார்' எனக் கருதினர். அங்கே எண்ணிறந்த இளஞ்சிப்பிகள் தோன்றி மறைவதை அவர்கள் பன்முறை கண்டிருந்தனர். மறைந்தவை கரையை அண்மிய பார்களுக்குச் சென்று அவற்றை நிரப்புகின்றன என்பது அவர்கள் கொண்ட முடிவு. 1902ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அப்பாரை ஆராய்ந்தபோது இளஞ்சிப்பிகள் செறிந்து கிடந்தன. அவற்றின் தொகை 10,000 கோடிக்குக் குறையாதென மதிப்பிடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் பார்த்தபோது பார் வெறுமையாயிருந்தது. இடையில் நிகழ்ந்தது சோளகம். தென்மேற்குப் பருவக்காற்றின் முழு வேகத்துக்கும் இலக்காகும் அவ்விளிம்பினின்றும் சிப்பிகள் அலையால் அள்ளப்பட்டோ, மணலால் மூடப்பட்டோ அழிந்தன என்று ஆராய்ச்சியாளர் துணிந்தனர்.

ஆகவே, குளியாளர் கண்ட காட்சி மெய். அதற்கு அவர்கள் கூறிய காரணம் பிழை. அக்காட்சியை அவர்கள் நெடுங்காலமாகக் கண்டு சொல்லியிராவிடின், சில வாரங்களே கடலில் நின்ற பேராசிரியர் ஒருவர் அப்பாரின் தோற்றத்தையும் மறைவையும் அதன் இயல்பென உணர்ந்திருத்தல் அரிது. அழியவிருக்கும் இளஞ்சிப்பிகளைக் காலத்தில் வாரியெடுத்துப் பாதுகாப்பான உட்பார்களில் இடலாம் என்னும் யோசனை இவ்விருவகை அறிவும் கூடியதன் பயனேயாம்.

அறிஞர் கூற்றும் பிழைபடுதல் உண்டு. சிப்பியின் வாயில் வீழும் மழைத்துளியே முத்தாகின்றது என்பது பழைய நம்பிக்கை. 1850களின் இறுதியில் இக்கடற் சிப்பிகளை ஆராய்ந்த கெலார்ட் என்னும் மருத்துவர் சிப்பியுள் நுண்புழுக்களைக் கண்டு, முத்துக்கும் அவற்றுக்கும் தொடர்புண்டென எண்ணினார். நாடாப்புழுவின் இளநிலையே சிறந்த முத்துக்களுக்குக் கருவென ஹேர்ட்மன் உரைத்தார். பின்வந்த ஆய்வுகள் அதனை முழுமையாக ஏற்கவில்லை. சிப்பியின் ஓட்டைச் சுரக்கும் மென்றோலின் உயிரணுக்கள் காயத்தினாலோ பிறவற்றாலோ உடலினுட் புகுந்து பையாகி, அப்பையினுள்ளே முத்தைச் சுரக்கின்றன என்பதே இன்றைய விளக்கம். குளியாளரும் பேராசிரியரும் ஒருங்கே திருத்தம் பெறுதற்குரியர் என்பது இதனாற் பெறப்படும்.

1905ஆம் ஆண்டில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கம் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா பெற்றது. மறு ஆண்டிற் பார்கள் யாவும் ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின்னர்ச் சிப்பி குன்றியது. குத்தகைக்காலம் நிறைவுறுமுன்னரே கம்பனியும் கலைந்தது. ஓரிரு நல்லாண்டுகளைக் கொண்டு கடலை அளந்துவிட்டதாக எண்ணுதல் எத்துணைப் பேதைமை என்பதற்கு இது சான்று. தலைமுறை தலைமுறையாக ஒரு கடலை நோக்கியிருப்போர் அதன் கரையில் வாழ்வோரே. அவர்தம் நோக்கு எழுத்தில் ஏறாமையே பெருங்குறை.

அக்குறையைப் பிறநாடுகளில் நீக்க முயன்றோர் உளர். அமெரிக்கக் கடற்படை அலுவலரான மத்தேயு மோறி, கப்பற்றலைவர்களின் நாட்குறிப்புக்களைத் திரட்டி 1847 முதலாகக் காற்று, நீரோட்டப் படங்களை வெளியிட்டார். தம் குறிப்புக்களை அனுப்பிய தலைவர்களுக்கு அப்படங்களை விலையின்றி வழங்கினார். 1853இல் பிரசல்ஸ் நகரிற் கூடிய மாநாடு இம்முறையைப் பல நாடுகளுக்கும் உரியதாக்கியது. 1865இல் இத்தாலியக் குருவாகிய செக்கி, வெண்டட்டொன்றைக் கயிற்றிற் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தினால் நீரின் தெளிவை அளந்தார். 2013 முதல் பிரித்தானியாவின் பிளிமத் நகர அறிஞர் அதே தட்டைப் பாய்மரப் படகோட்டிகளின் கையிற் கொடுத்து, கடலுயிர்க்கெல்லாம் உணவின் தொடக்கமாகிய நுண்டாவரங்களின் நிலையை உலகெங்கும் அறிந்து வருகின்றனர். தட்டும் கயிறும் கைபேசிச் செயலியுமே இதற்கு வேண்டுவன.

மன்னார்க் கடலில் இன்று இத்தகைய கூட்டுறவுக்குக் காத்திருப்பது கடற்பசுவாகும். ஆவுளியா எனவும் வழங்கப்படும் இவ்வுயிர் கடற்புல்லை மேய்ந்து வாழ்வது. மூச்செடுக்கச் சிறிதுபொழுதே மேல்வருதலால் விமானத்தினின்றும் கப்பலினின்றும் இதனை எண்ணுதல் எளிதன்று. நாள்தோறும் வலைவீசுவோரே இதனைக் காண்பர். அதனால், 2015க்கும் 2018க்கும் இடையில் இலங்கை உட்பட 8 நாடுகளில் நடைபெற்ற கடற்பசு, கடற்புற் பாதுகாப்புத் திட்டத்தில் மீனவரை வினவிச் செய்தி திரட்டுதலும் ஒரு முறையாகக் கொள்ளப்பட்டது. எதிர்க்கரையில், தமிழ்நாட்டரசு 2022இல் பாக்கு விரிகுடாவின் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. வலையிற் பட்ட கடற்பசுவை உயிரோடு விடுத்த மீனவர்கள் ஆங்கே பரிசளித்துப் பாராட்டப்பட்டுள்ளனர்.

இதன்கண் ஓர் இடர்ப்பாடு உண்டு. கடற்பசுவைக் கொல்லுதல் சட்டப்படி குற்றம். தற்செயலாக வலையிற் பட்டு அது இறப்பின், தண்டனைக்கு அஞ்சும் மீனவன் அதனை மறைப்பான். ஓர் உயிர் இழந்ததோடு, எங்கே, எப்பருவத்தில், எவ்வகை வலையில் அது பட்டது என்னும் செய்தியும் இழக்கப்படுகின்றது. உண்மையுரைப்போன் அவ்வுரையாலேயே துன்புறுவானாயின், கடலைப் பற்றிய உண்மை ஆராய்ச்சியாளரை ஒருபோதும் எட்டாது. ஆதலின், கருவிகளிலும் முந்தி வேண்டப்படுவது நம்பிக்கையே.

மன்னார் முத்தைப் பற்றிய பெருநூலின் முகப்பிற் பேராசிரியரின் பெயர் உண்டு. மூச்சடக்கிச் சிப்பி எடுத்தவனின் பெயர் அங்கில்லை. இனி எழுதப்படும் நூல்களில் இக்குறை நிகழாதிருத்தல் வேண்டும். கரையூர்ப் பள்ளி மாணாக்கர் தந்தையரும் பாட்டன்மாரும் கூறும் காற்றையும் நீரோட்டத்தையும் மீன்வரவையும் நாளிட்டுக் குறித்து வைப்பாராயின், நாளைய ஆராய்ச்சியாளனுக்கு அக்குறிப்பேடுகள் பெருந்துணையாகும். பாட்டன் கூறிய காரணம் பிழைபடினும் படுக. அவன் கண்ட காட்சி ஏட்டில் நிற்றல் வேண்டும்.