ஊர்த்தளத்தின் வாயிற்காவல்

தம்பலகாமம் ஒரே தெருவைச் சுற்றி எழுந்த ஊரன்று. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் நெல்வயல்களின் நடுவே, கள்ளிமேடு என்றும் சிப்பித்திடல் என்றும் நாயன்மார்திடல் என்றும் பெயர் பூண்டு, மேடும் திடலுமாகப் பரந்து கிடக்கும் குடியிருப்புக்களின் கூட்டமே அவ்வூர். ஆதிகோணநாயகர் கோயில் திருவிழாவும் விதைப்பும் அறுவடையும் அத்திடல்களை ஆண்டுதோறும் ஒன்றுகூட்டி வந்தன. யுத்தத்தினாலும் இடப்பெயர்வினாலும் ஊர்மக்களில் ஒரு பகுதியினர் திருகோணமலைப் பட்டினத்துக்கும் கொழும்புக்கும், கடல் கடந்து இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்று குடியேறிவிட்டபடியால், மரண அறிவித்தலோ கொடியேற்றப் படமோ குளத்து மதகு திறக்கும் செய்தியோ எதுவாயினும், அவர்களைச் சென்றடைய இன்று இணையத்தை அன்றி வேறு மார்க்கம் இல்லை.

அந்த மார்க்கமோ முகநூல், வாட்ஸ்அப் என்னும் அந்நிய ஸ்தாபனங்களின் கையில் இருக்கிறது. 2018 மார்ச் மாதத்திலும், 2019 ஏப்ரல் மாதத்திலும், மீண்டும் 2022 ஏப்ரல் மாதத்திலும் இலங்கை அரசாங்கம் அவற்றை முடக்கியபோது, அயலூரில் இருக்கும் உறவினரின் சுகசேமத்தை அறிவதற்கும் வழியின்றி இந்நாட்டு மக்கள் தவித்தார்கள். அன்றியும், ஊர்ப்பிள்ளைகளின் படங்களும் பெரியவர்களின் நினைவுகளும் எவ்விடத்தில் எவ்விதம் சேமிக்கப்படுகின்றன என்பதில் அவ்வூராருக்கு யாதொரு சுதந்திரமும் இல்லை. ஆகையினால், ஓர் ஊருக்கோ ஒரு பழைய மாணவர் சங்கத்துக்கோ சொந்தமான சிறிய சமூகத்தளம் ஒன்றை நாமே அமைத்து நடத்தினால் என்ன என்ற எண்ணம் இப்போது பலருக்கும் எழுகிறது. எண்ணம் நல்லது, அதைச் செயலாக்குவதும் அத்தனை கடினமன்று. ஆனால் அத்தளத்தைத் திறந்த மறுநாளே அதன் வாசலில் வந்து குவியும் யந்திர விருந்தாளிகளைப் பற்றி முன்கூட்டியே அறிந்திராதவர்கள், நல்ல பிரயத்தனம் ஒன்றைச் சில மாதங்களில் கைவிட நேரிடும் என்பதனாலேயே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஜெர்மனியைச் சேர்ந்த ஓய்கன் ரொஹ்கோ என்னும் இளைஞர் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட மஸ்டொடோன் என்ற மென்பொருள் இவ்வகைத் தளங்களுள் மிகவும் பிரசித்தமானது. அதை எவரும் விலையின்றிப் பெற்றுத் தமது வழங்கிக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம்; அவ்விதம் நிறுவப்பட்ட ஆயிரக்கணக்கான சிறு தளங்கள், 2018 ஜனவரியில் உலகளாவிய வலைச் சங்கம் அங்கீகரித்த ஆக்டிவிட்டிபப் என்னும் பொது விதிமுறையின்படி ஒன்றோடொன்று சம்பாஷிக்கின்றன. 2019 நவம்பரில், இந்திய உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை டுவிட்டர் முடக்கியதை ஆட்சேபித்து இந்தியர் பெருந்தொகையினராக மஸ்டொடோனுக்குக் குடிபெயர்ந்தபோதுதான் நம் பக்கத்தில் அப்பெயர் பரவலாகக் கேட்டது. அதற்கும் முன்பே, இந்தியக் கட்டற்ற மென்பொருள் சமூகத்தார் போடெரி என்னும் பெயரில் இத்தகைய தளம் ஒன்றைத் தன்னார்வ உழைப்பினால் நடத்தி வந்திருக்கிறார்கள். மஸ்டொடோனைக் காட்டிலும் இலேசான கோ-டு-சோஷல் போன்ற மென்பொருள்களும் உண்டு. அவை மாதத்துக்குச் சில டொலர் வாடகைக்குக் கிடைக்கும் மிகச் சிறிய வழங்கியிலேயே இயங்கிவிடும். ஓர் ஊர்ச் சங்கத்துக்கு இது தாங்க முடியாத செலவன்று.

இனி, வந்து குவிபவர்கள் யார் என்று பார்ப்போம். இம்பேர்வா என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் கணிப்பின்படி, 2024ஆம் ஆண்டில் இணையப் போக்குவரத்தில் 51 சதவீதம் மனிதருடையது அன்று, யந்திரங்களுடையது. மனிதர் எவரும் அமர்ந்து இயக்காமல், எழுதி வைத்த கட்டளைப்படி தாமாகவே பக்கங்களைத் திறந்தும் படிவங்களை நிரப்பியும் செல்லும் நிரல்களையே தானியங்கிகள் என்கிறோம். இத்துறையில் வேலை செய்பவர்கள் பேச்சுவழக்கில் அவற்றைப் பொட் என்பார்கள். அவை யாவும் தீயன என்று கொள்வது அறியாமை. தேடுபொறிகளின் தானியங்கிகள் வாராவிட்டால் நமது தளத்தை எவரும் கண்டுபிடிக்க முடியாது. 1996இல் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகத்தின் தானியங்கிகள் இல்லாதிருந்தால், மறைந்துபோன எத்தனையோ தமிழ்த் தளங்களின் எச்சமும் நமக்குக் கிட்டியிராது. தன்னைத் தானியங்கி என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு, குளத்தின் நீர்மட்டத்தை நாள்தோறும் காலையில் தெரிவிக்கும் கணக்கு ஒன்று ஊர்த்தளத்தில் இருக்குமாயின் அதை உபகாரியென்றே போற்றுவோம்.

உபத்திரவம் செய்வன வேறு. ஒவ்வொரு வழங்கியும், வந்தவரின் முகவரி எண், வந்த நேரம், கேட்ட பக்கம், வந்தவர் தம்மைக் குறித்துச் சொன்ன பெயர் ஆகியவற்றை வரிவரியாக ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கிறது. ஊர் உறங்கும் இரவு இரண்டு மணிக்குரிய வரிகளை அதில் எடுத்துப் பாருங்கள். பழைய திருவிழாப் படத்தொகுதியின் ஏழாம் பக்கம் கேட்கப்பட்டிருக்கும். அடுத்த நொடியில் எட்டாம் பக்கம். அதற்கடுத்த நொடியில் அதே எட்டாம் பக்கம் வேறொரு நாட்டு முகவரியிலிருந்து. இடையிடையே, வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருள் அத்தளத்தில் இல்லவே இல்லை என்பதையும் அறியாமல், அதன் நிர்வாகி புகும் வாசலைத் தேடி ஒருவன் தட்டிக்கொண்டிருப்பான். அது பூட்டு இளகிய வீடுகளை உலகெங்கும் தேடித் திரியும் தானியங்கி. பக்கம் பக்கமாக வாரிச் செல்வதோ, பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்கு ஊட்டுவதற்கு எழுத்தும் படமும் சேகரிப்பது. மூன்றாவது வகையினர் படிப்பதற்கு வருவதில்லை. கணக்குத் திறந்து, உறுப்பினராகி, விளம்பரமும் வஞ்சகமும் தூவிச் செல்வதற்கு வருகிறார்கள்.

வாரிச் செல்வோரால் விளையும் நஷ்டம் எவ்வளவு என்பதற்குப் பெரிய ஸ்தாபனங்களே சாட்சி. விக்கிமீடியா நிறுவனம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், படங்களையும் காணொளிகளையும் இறக்குவதற்கான போக்குவரத்து 2024 ஜனவரிக்குப் பின் 50 சதவீதம் பெருகிவிட்டதாகவும், பக்கப் பார்வைகளில் 35 சதவீதமே தானியங்கிகளுடையவையாயினும், அதிகச் செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 சதவீதம் அவற்றினுடையதே என்றும் தெரிவித்தது. காரணம் எளிது. மனிதர் பலர் ஒரே பக்கத்தைப் பார்க்கிறார்கள். அப்பக்கத்தை வழங்கி ஒருமுறை ஆயத்தம் செய்து கையருகே வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கொடுத்துவிடும். தானியங்கியோ எவரும் பல்லாண்டாகத் திறவாத மூலைமுடுக்குகளையெல்லாம் கேட்கிறது; ஒவ்வொன்றையும் புதிதாக எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மென்பொருள் கையேடுகளை வெளியிடும் ரீட்-த-டாக்ஸ் என்னும் தளத்தில், 2024 மே மாதத்தில் ஒரேயொரு தானியங்கி 73 டெராபைட் அளவு கோப்புக்களை இறக்கி, 5,000 டொலருக்கு மேற்பட்ட செலவை ஏற்றி வைத்தது. அத்தொகையில் ஒரு சிறு பகுதி போதும், ஊர்த்தளம் ஒன்றை நிரந்தரமாக மூடுவதற்கு.

கந்தளாய்க் குளத்து வாய்க்காலில் மேல்வயற்காரன் முறையின்றி மடை திறந்துவிட்டால் கடைசி வயல் காய்ந்துபோகும் என்பதைத் தம்பலகாமத்தில் சிறுபிள்ளையும் அறியும்; அதற்காகவே வட்டவிதானை என்னும் பொறுப்பாளர் ஒருவரை ஊரார் வைத்துக்கொள்கிறார்கள். சிறு வழங்கியின் திறனும் அத்தகைய வாய்க்கால் நீரே. தானியங்கி மேலே குடித்துக்கொண்டிருக்கும்போது, அம்மம்மாவின் படத்தைப் பார்க்க வந்த பேரப்பிள்ளைக்குப் பக்கம் திறவாது.

இதற்குக் கண்ட பரிகாரங்களுள் மிகப் பழையது 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்தது. ரோபோட்ஸ் என்ற பெயருடைய சிறு கோப்பைத் தளத்தின் தலைவாசலில் வைத்து, இன்னின்ன தானியங்கிகள் இன்னின்ன பகுதிகளுக்குள் வரலாகாது என்று எழுதிவிடுவது அம்முறை. 2022இல் அது இணையத்தின் முறையான விதியாகவும் பதியப்பட்டது. கண்ணியமானவர்கள் அதைப் படித்து விலகிச் செல்வார்கள். ஏனையோரைக் கட்டாயப்படுத்தும் சக்தி அதற்கு இல்லை. ஆயினும் அதை எழுதாமல் விடுதல் தவறு. வராதே என்று சொல்லப்படாதவன் வந்ததைக் குற்றமென்று எவ்விதம் கூறுவது?

அடுத்தது, முகவரி எண்ணைக் கொண்டு தடுப்பது. ஒரே எண்ணிலிருந்து அளவுக்கு மிஞ்சிய வேண்டுகோள் வந்தால் அவ்வெண்ணை அடைத்துவிடும் கருவிகள் உண்டு. இங்கேதான் நம் நாட்டுக்குரிய இடர் ஒன்று இருக்கிறது. கைத்தொலைபேசி நிறுவனங்கள் பொது முகவரி ஒன்றையே ஏராளமான சந்தாதாரருக்குப் பகிர்ந்தளிப்பதனால், திருவிழாவன்று முள்ளிப்பொத்தானையிலும் தம்பலகாமத்திலும் பலர் ஒருசேரத் தளத்தைத் திறக்கும்போது, அவர்கள் அனைவரும் வழங்கியின் கண்ணுக்கு ஒரே ஆளாகத் தோன்றக்கூடும். அந்நாளில் வழங்கி ஊரையே தானியங்கியென்று எண்ணி வாசலை அடைத்துவிடும். தந்திரசாலித் தானியங்கியோ ஆயிரம் வீடுகளின் முகவரிகளில் மறைந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரேயொரு பக்கத்தைக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறது. அவ்வீடுகள் எங்கிருந்து கிடைக்கின்றன? 2025 ஜூனில் அமெரிக்க எப்.பி.ஐ. விடுத்த எச்சரிக்கையின்படி, பெயர் தெரியாத மலிவான தொலைக்காட்சிப் பெட்டிகள் முதலிய சாதனங்கள் இலட்சக்கணக்கில், வாங்கும்போதே தீய நிரல் ஏற்றப்பட்டோ பின்னர் அது புகுத்தப்பட்டோ, வீட்டுக்காரர் அறியாமலே அவரது இணைப்பை அந்நியருக்கு வாடகை வாசலாக ஆக்கியிருக்கின்றன.

மனிதர்தாமா என்று சோதிக்கும் கோணல் எழுத்துப் புதிர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2023இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் மனிதரைப் பரிசோதித்து, தானியங்கிகளைப் பற்றிய முந்தைய ஆய்வுகளோடு ஒப்பிட்டபோது, அப்புதிர்களை மனிதரைக் காட்டிலும் தானியங்கிகள் விரைவாகவும் பிழை குறைவாகவும் விடுவிப்பது தெரியவந்தது. கண்பார்வை குன்றிய முதியவரே அதில் தோற்பவர்.

2025 ஜனவரியில் கனடாவைச் சேர்ந்த சே யாசோ என்னும் மென்பொருளாளர், தமது சிறு வழங்கியை ஒரு பெருநிறுவனத்தின் தானியங்கி திணறடித்ததனால் அனுபிஸ் என்ற காவல் நிரலை எழுதினார். இறந்தோரின் இதயத்தை நிறுத்துப் பார்க்கும் எகிப்தியத் தெய்வத்தின் பெயர் அது. பக்கத்தைக் காட்டுமுன், வருபவரின் கருவி ஒரு கணக்கைச் செய்து விடை காட்ட வேண்டும். ஒருவருக்கு அது ஓரிரு நொடி, இலட்சம் பக்கம் கேட்பவனுக்கோ பெருஞ்செலவு. இந்த யுக்தியின் மூலம், குப்பை மின்னஞ்சலைத் தடுக்க 1992இல் சிந்தியா டுவோர்க்கும் மோனி நாவோரும் வெளியிட்ட யோசனையில் இருக்கிறது. க்நோம் மென்பொருள் திட்டம், யுனெஸ்கோ போன்றவையும் அனுபிஸைக் கைக்கொண்டிருக்கின்றன. பயனுள்ளதுதான், ஆனால் இலண்டனில் புதிய கருவி வைத்திருப்பவருக்கு ஒரு நொடியாக இருக்கும் அக்கணக்கு, வயல்வரம்பில் நின்று பழைய கைத்தொலைபேசியில் பார்ப்பவருக்குப் பல நொடிகளாகி, அவருடைய மின்கலத்தையும் தின்னும். ஆதலால், எப்போதும் அதை இயக்கி வைக்காமல், படையெடுப்பு நிகழும்போது மட்டும் இயக்குவதே ஊர்த்தளத்துக்குத் தக்கது. பொய்ப் பக்கங்களை முடிவின்றிக் காட்டித் தானியங்கியை அலைக்கழிக்கும் உபாயமும் உண்டு. 2025 மார்ச்சில் கிளவுட்பிளேர் நிறுவனமே அத்தகைய வலைப்பின்னல் ஒன்றை அறிமுகம் செய்தது. சிறு தளத்துக்கு எமது சிபார்சு அதுவன்று. மின்சாரத்தை வீணாக்கி, இணையத்தில் வெறும் நிரப்பெழுத்தைப் பெருக்குவதில் ஊருக்கு யாது நன்மை?

படிக்கும் வாசலை ஓரளவுக்கே காக்க முடியும். உறுப்பினராகும் வாசலையோ முற்றாகக் காக்கலாம். சிறு தளத்தின் பலம் அங்கேயே இருக்கிறது. 2024 பெப்ரவரியில் மஸ்டொடோன் உலகைக் குப்பைச் செய்திகள் வெள்ளமாகச் சூழ்ந்தபோது, அவை புறப்பட்ட இடங்கள் பெருந்தளங்கள் அல்ல; யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று திறந்துவிட்டு நிர்வாகிகள் மறந்துபோன சிறு தளங்களே. அதன் பின்னர் அம்மென்பொருளையே மாற்றியமைத்தார்கள்: ஒரு வாரத்துக்கு மேலாக மேற்பார்வையாளர் எவரும் எட்டிப் பார்க்காத தளம், புதிய கணக்குகள் அனுமதி பெற்றே சேரும்படியாகத் தானே மாறிவிடும்.

அனுமதிப் படிவத்தில், ஏன் சேர விரும்புகிறீர் என்று ஒரு கேள்வி உண்டு. "புதிய மனிதர்களைச் சந்திப்பதிலும் பயனுள்ள கருத்துக்களைப் பகிர்வதிலும் எனக்கு மிகுந்த ஆர்வம்" என்று பிழையற்ற தமிழில் ஒரு விடை வரும். "கள்ளிமேட்டுக் கடைக்காரர் வீட்டுப் பேத்தி, இப்ப கனடாவில, கொடியேத்தம் பாக்கோணும்" என்று இன்னொன்று வரும். எது மனிதருடையது என்று தீர்மானிக்க யந்திரம் வேண்டியதில்லை, ஐயமிருந்தால், ஊரறிந்த ஒருவர் ஒரு போன் எடுத்து, "ஆர்ர பிள்ளை நீங்க, மகள்?" என்று கேட்டால் விஷயம் தெளிந்துவிடும். கோடிக்கணக்கானோரைக் கொண்ட பெருநிறுவனம் எத்தனை செல்வம் படைத்ததாயினும் இக்கேள்வியைக் கேட்க முடியாது. இருநூறு பேரின் தளம் கேட்கலாம். பிள்ளைகளின் படங்கள், வீட்டு விசேஷங்கள், தொலைபேசி எண்கள் யாவும் இவ்விதம் அறிந்து சேர்க்கப்பட்டவர்களுக்கு மட்டும் தெரியும்படி உள்ளறையில் இருக்கட்டும். உலகம் அறியவேண்டிய ஊர் வரலாறும் கோயில் அறிவித்தலும் படம் குறைந்த எளிய பக்கங்களாக வெளியே இருக்கட்டும். அப்போது தானியங்கி வாரிச் செல்வதற்கு அகப்படுவதும் கொஞ்சமாகவே இருக்கும்.

ஆகவே, சொந்தத் தளம் அமைக்க எண்ணும் ஊர்ச் சங்கத்தாரிடமும் பழைய மாணவர் மன்றத்தாரிடமும் நாம் வேண்டிக்கொள்வது இதுவே: வழங்கியை வாடகைக்கு எடுக்குமுன், முறைவைத்துப் பதிவேட்டைப் பார்க்கவும் படிவங்களை வாசிக்கவும் மென்பொருளைப் புதுப்பிக்கவும் சம்மதிக்கும் மூவரையாவது தேடிக்கொள்ளுங்கள், அவர்களுள் ஒருவர் ஊரிலேயே இருப்பவராகவும், ஊர்க் குடும்பங்களை அறிந்தவராகவும் இருக்கட்டும். அம்மூவரும் கிடைக்கும்வரை தளத்தைத் திறக்க வேண்டாம்.