எதிரணிச் சட்டைக்கும் கை நீளுமா?

இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக வளாகம். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகரான மாணவர் ஒருவர் நடந்து போகிறார். எதிரே ஓடிவந்த இளைஞர் சறுக்கி விழுந்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். மாணவர் உதவுவாரா?

விழுந்தவரின் சட்டையைப் பொறுத்தது என்றது, 2005-இல் உளவியலாளர் மார்க் லெவின் குழு வெளியிட்ட ஆய்வு. விழுந்தது நடிப்புதான். மான்செஸ்டர் சட்டைக்கு 13 பேரில் 12 பேர் உதவினர். பரம எதிரியான லிவர்பூல் சட்டைக்கு 10 பேரில் 3 பேரே.

ஏன்? மனம் யாரை நம்மவர் என்று கருதுகிறதோ, அவர் வலி சட்டென உறைக்கிறது. ஆனால் அந்த எல்லை நகரக்கூடியது. அடுத்த சோதனையில், பொதுவாகக் கால்பந்து ரசிகராக இருப்பதைப் பற்றி மாணவர்களை முதலில் யோசிக்க வைத்தார்கள். இம்முறை லிவர்பூல் சட்டைக்கும் 10-இல் 7 பேர் ஓடிவந்தனர். அணிச் சின்னமே இல்லாத சட்டைக்காரரை மட்டும் பெரும்பாலோர் கடந்துபோனார்கள்.

நம்மவர் என்ற இந்த எல்லையை எப்படி விரிப்பது? வடக்கு ஈராக்கில், இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகள் சிலவற்றில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்துப் பார்த்தார் ஆய்வாளர் சல்மா மூசா. அப்படிச் சேர்ந்து ஆடிய கிறிஸ்தவர்கள், 6 மாதம் கழித்தும் மற்றவர்களைவிட அதிகமாக முஸ்லிம்களோடு பயிற்சி எடுத்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மோசுலில் உணவகத்துக்குப் போகும் தயக்கம் அவ்வளவாகக் குறையவில்லை. ஆகவே பள்ளி, வேலையிடம், தெரு என ஒவ்வோரிடத்திலும் தோளோடு தோள் நின்று செய்யும் வேலைகள் தேவைப்படுகின்றன.