சிலரின் பலவீனம்

சபை, உபதேசம் என்ற சொற்களைக் கேட்டாலே நம் தோழர்கள் பலருக்கு முகம் சுளிக்கிறது. உபதேசம் என்பது அதிகாரத்தின் பிரதி. அது தெளிவாக ஆக ஆக, வெளியே தள்ளப்படுகிறவர்கள் கூடுவார்கள் என்பது வாதம். பெரும்பாலும் சரியான வாதம்தான். ஆனால் தெளிவின்மைக்கும் ஓர் அரசியல் இருக்கிறது. அதை நாம் பேசுவதில்லை. தென்னாப்பிரிக்காவை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

1829இல் கேப் பகுதி டச்சு சீர்திருத்தச் சபையின் பேரவை, திருவிருந்தை நிறம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒன்றாகவே தரவேண்டும் என்று தீர்மானித்தது. 1857இல் அதே பேரவை, சேர்ந்து வழிபடுவதே வேதத்துக்கு உகந்தது என்று மறுபடி ஒப்புக்கொண்டது. கூடவே ஒரு வால் ஒட்டிக்கொண்டது. 'சிலரின் பலவீனம்' காரணமாக அது இடைஞ்சலாகுமானால் தனிக் கட்டிடத்தில் நடத்திக்கொள்ளலாம். யார் இந்தப் பலவீனர்? நிறத்தவரோடு ஒரே பாத்திரத்தில் பருக மனம் வராத வெள்ளையர்! உணவு விஷயத்தில் மனச்சாட்சி உறுத்தியவர்களைப் பற்றிப் பவுல் சொன்ன சொல், ஆண்டைக்குச் சலுகையாகிப்போனது. உபதேசத்தை யாரும் மாற்றவில்லை. விதிவிலக்குதான் கொடுத்தார்கள். 1881இல் நிறத்தவருக்கென்று தனி மிஷன் சபையே வந்துவிட்டது. 1948இல் நிறவெறி அரசின் கொள்கையானபோது சபைக்குள் அதற்கு வயது தொண்ணூறு. 1974இல் வெள்ளையர் சபை பாபேல் கோபுரக் கதையையெல்லாம் காட்டி அதற்கு இறையியல் விளக்கமும் எழுதியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இறையியலாளர்கள் அன்பை மறுக்கவில்லை, ஒற்றுமையையும் மறுக்கவில்லை. 'கிறிஸ்துவுக்குள்ள எல்லாரும் ஒண்ணுதான், அது ஆவிக்குரிய ஒற்றுமை, கண்ணுக்குத் தெரியணும்னு அவசியமில்ல' - இப்படிப் போனது பேச்சு. இதை வெறும் அன்புப் பிரசங்கத்தால் எப்படி மறுப்பது? அதுவும் அன்பைத்தானே பேசுகிறது!

1982இல் ஒட்டாவாவில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பு, நிறவெறிக்குத் தரப்படும் இறையியல் நியாயம் வேதப்புரட்டு என்று அறிவித்தது. ஆலன் பூசாக் அதன் தலைவரானார். அதே ஆண்டு கேப்டவுனை அடுத்த பெல்ஹாரில் கூடிய மிஷன் சபை, ஒரு விசுவாச அறிக்கையை வரைந்து 1986இல் ஏற்றது. ஐந்தே பகுதிகள். அரசின் பெயரோ நிறவெறி என்ற சொல்லோ அதில் இல்லை. ஆனால் ஒற்றுமை கண்ணுக்குப் புலப்பட வேண்டும் என்கிறது. ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்கிறவர் கடவுள் என்கிறது. எதை விசுவாசிக்கிறோம் என்று சொன்ன கையோடு எதை நிராகரிக்கிறோம் என்றும் சொல்கிறது. 1857இன் வால் நுழைய இதில் இடுக்கு இல்லை.

தெளிவு மட்டும் போதுமா என்றால், நம் கதை வேறு. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி அறவே கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் வெளியேறினார்கள். சாதி சமூக வழக்கம்தான், மதக் காரியமல்ல என்று சொன்ன லைப்சிக் மிஷன் பின்னர் அவர்களில் பலருக்கு இடம் கொடுத்தது. மறுபடியும் வால்! வில்சனின் வாக்கியம் தெளிவானதுதான், ஆனால் கல்கத்தாவிலிருந்து இறங்கிய வாக்கியம். பெல்ஹாரை எழுதியது திருவிருந்து மேசையிலிருந்து விலக்கப்பட்டவர்களின் சபை. அதுவும் ஆஃப்ரிகான்ஸில், ஆள்கிறவனும் அவர்களும் வீட்டில் பேசிய அதே மொழியில்.

1994இல் மிஷன் சபையும் கறுப்பர் சபையும் இணைந்தன. வெள்ளையர் சபை 1986இலேயே கதவைத் திறந்துவிட்டதாகச் சொன்னாலும், பெல்ஹாரைத் தன் சட்டத்தில் சேர்க்கும் முயற்சி 2015இல் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இல்லாமல் தோற்றது. இணைந்த சபையோ 2008இல் வேறொரு இடத்தில் முட்டிக்கொண்டது. தற்பாலீர்ப்பாளர்களையும் விலக்கக் கூடாது என்று பெல்ஹாரைக் கையில் வைத்துக்கொண்டே பூசாக் கேட்டார். பேரவை ஏற்கவில்லை. அவர் தம் சபைப் பொறுப்புகள் அனைத்தையும் துறந்தார்.