‘நெல்ட்’டா, ‘நீல்டு’வா?

சென்ற ஆண்டு நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, ஆறாம் வகுப்புச் சிறுமியரின் ஆங்கிலக் கட்டுரை நோட்டுகளைத் திருத்தித் தரும் பொறுப்பை எங்களில் சிலரிடம் கொடுத்திருந்தார்கள். சிவப்பு மைப் பேனா கைக்கு வந்ததும் எனக்கு உண்டான பெருமையைச் சொல்லி முடியாது. ஒரு சிறுமி, தன் பாட்டியுடன் கோயிலுக்குச் சென்று முழந்தாளிட்டு ஜெபித்ததைப் பற்றி எழுதியிருந்தாள். ‘முழந்தாளிட்டேன்’ என்பதற்கு அவள் போட்டிருந்த சொல் ‘நீல்டு’. நான் அதை அடித்துவிட்டு மேலே ‘நெல்ட்’ என்று எழுதினேன். அதோடு விடவில்லை, பத்துத் தடவை எழுதி வரும்படியும் குறித்தேன். அவள் அழுதுகொண்டே எழுதியதாக அவளுடைய அக்கா பிறகு சொன்னாள்.

ஒரு வாரம் கழித்து, வேறொரு சொல்லைத் தேடி நூலகத்தில் அகராதியைப் புரட்டியபோது, ‘நீல்’ என்ற வினைச்சொல் கண்ணில் பட்டது. இறந்தகால வடிவம் என்ற இடத்தில் இரண்டுமே இருந்தன! எனக்கு முகம் சூடாகிவிட்டது. அன்று தொடங்கிய தேடலின் பலனே இக்கட்டுரை.

தோழியரே, தொடருமுன் ஒரு சிறு விளக்கம். ஆங்கிலத்தில் ‘டாக்’ என்ற சொல்லின் முதல் எழுத்துக்கும் ‘டேபிள்’ என்ற சொல்லின் முதல் எழுத்துக்கும் தமிழில் ஒரே எழுத்துதான். ஆகவே ‘டாக்’ எழுத்தில் முடியும் சொல்லை ‘டு’ என்றும், ‘டேபிள்’ எழுத்தில் முடியும் சொல்லை ‘ட்’ என்றும் எழுதியிருக்கிறேன்.

பழைய ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் இரு பெரும் கூட்டங்களாக இருந்தன. ஒரு கூட்டம் உள்ளே இருக்கும் உயிரொலியை மாற்றி இறந்தகாலம் காட்டும். ‘சிங்’ என்பது ‘சாங்’ ஆவதைப் போல. மற்றக் கூட்டம் சொல்லின் கடைசியில் ஒரு விகுதியைச் சேர்த்துக்கொள்ளும். ‘லவ்’ என்பது ‘லவ்டு’ ஆவதைப் போல. நாளடைவில் இரண்டாவது கூட்டத்தின் வழியே எளிதாக இருந்ததால், முதற் கூட்டத்துச் சொற்கள் ஒவ்வொன்றாகக் கட்சி மாறத் தொடங்கின. ‘உதவினான்’ என்பதற்கு முற்காலத்தில் ‘ஹோல்ப்’ என்ற சொல் இருந்தது. இன்று ‘ஹெல்ப்டு’ மட்டுமே. 1611-இல் இங்கிலாந்தில் அச்சான விவிலிய மொழிபெயர்ப்பில், மரியன்னையின் புகழ்ப்பாடலில் ‘ஹோல்பன்’ என்ற பழைய வடிவம் இன்னும் இருக்கிறது.

இப்படி மாறும்போது பழையதும் புதியதும் சில காலம் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. அந்த இடைக்காலத்தில் நாம் பிறந்துவிட்டால் நமக்கு இரண்டு வடிவங்கள் கிடைக்கின்றன! தமிழிலும் ‘போயிற்று’, ‘போனது’ என்ற இரண்டையும் நாம் சொல்கிறோமே.

எந்தச் சொல் எப்போது மாறும் என்பதற்குக் கூட ஒரு கணக்கு உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் பழைய ஆங்கிலத்திலிருந்து விதிவிலக்கான 177 வினைச்சொற்களை எடுத்துப் பார்த்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றுள் 145 விதிவிலக்காகவே இருந்தன. இக்கால ஆங்கிலத்தில் 98 மட்டுமே மிஞ்சின. 2007-இல் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டார்கள். ஒரு சொல்லைவிட நூறு மடங்கு குறைவாக வழங்கும் சொல், பத்து மடங்கு வேகமாக மாறிவிடுகிறதாம். ‘கோ – வென்ட்’ என்பதை நாள்தோறும் சொல்லுகிறோம், ஆகையால் அது மறப்பதில்லை. எப்போதோ ஒருமுறை சொல்லும் சொல்லுக்கு விதிவிலக்கை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? கணக்குப் பாடத்தின்மேல் எனக்கு அன்பு கிடையாது. ஆனால் இந்தக் கணக்கு பிடித்திருந்தது.

எதிர்ப்பக்கமாக நடந்த சொற்களும் உண்டு. ஈசாக்கு கிணறு தோண்டிய வரலாற்றில் அதே 1611 விவிலியம் ‘டிக்டு’ என்று சொல்கிறது. இன்று நாம் சொல்வது ‘டக்’. ‘டைவ்’ என்ற சொல்லுக்கு ‘டைவ்டு’ என்பதே பழைய வடிவம். ‘டிரைவ் – டிரோவ்’ என்பதைப் பார்த்து அமெரிக்கர்கள் 19-ஆம் நூற்றாண்டில் ‘டோவ்’ என்றும் சொல்லத் தொடங்கினார்கள். நம் ‘நெல்ட்’டும் இந்த வகைதான். ‘ஃபீல் – ஃபெல்ட்’ என்பதைப் பார்த்துப் பிறந்து, 19-ஆம் நூற்றாண்டில்தான் அது பரவியது. ஒலிவ மலையில் ஆண்டவர் முழந்தாளிட்டு ஜெபித்த இடத்தில் 1611 விவிலியத்தில் இருப்பது ‘நீல்டு’. அதாவது, நான் அடித்த சொல்லே மூத்தது. நான் எழுதியது இளையது!

‘ட்ரீம்டு – ட்ரெம்ட்’, ‘பர்ண்டு – பர்ண்ட்’, ‘லேர்ண்டு – லேர்ண்ட்’ போன்ற சோடிகளில் ‘ட்’ வடிவத்தை இங்கிலாந்தில் மிகுதியாகக் காணலாம். அமெரிக்காவில் பெரும்பாலும் ‘டு’ வடிவமே. இரண்டும் பிழையல்ல. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

ஆனால் எல்லாச் சோடிகளையும் இஷ்டம்போல் மாற்றிப் போட முடியாது. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைத் தொங்கவிட்டோம் என்றால் ‘ஹங்’. யூதாஸ் தூக்குப் போட்டுக்கொண்டான் என்றால் ‘ஹாங்டு’. பழங்காலத்தில் தனித்தனியாக இருந்த சொற்கள் ஒன்றாகக் கலந்ததால் வந்த வேறுபாடு இது. அவ்வாறே சூரியன் ஒளிவீசினால் ‘ஷோன்’. பள்ளிக்கு வருமுன் காலணிக்கு மெருகு போட்டால் ‘ஷைண்டு’. விளக்கு ஏற்றியதற்கு மட்டும் ‘லிட்’, ‘லைட்டட்’ இரண்டில் எதுவானாலும் சரி.

அகராதியைப் பார்த்த மறுநாள் மதிய இடைவேளையில் அந்தச் சிறுமியைத் தேடிப் போனேன். நோட்டை வாங்கி, என் சிவப்புக் கோட்டின் பக்கத்தில் ‘இதுவும் சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் சிறிது நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்படீன்னா அக்கா, நான் பத்துத் தடவை எழுதினது தப்பா?” என்று கேட்டாள்.

“இல்லைம்மா, அதுவும் சரிதான்” என்றேன்.