யாரும் ஊகிக்க முடியாத எண்

பூட்டு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், சாவியை நிலைப்படியின் மேல் வைத்துவிட்டுப் போனால் பயன் என்ன? வீட்டுக்குப் பொருந்தும் இவ்வுண்மை கணிப்பொறிக்கும் பொருந்தும்.

நம் அன்னையர் கைப்பேசி வழியாக வங்கிப் பணம் அனுப்பும்போது, அச்செய்தி பல கணிப்பொறிகளைக் கடந்து செல்கிறது. இடையில் எவரும் படித்துவிடாதபடி அது சங்கேதமாக மாற்றப்படுகிறது. மாற்றும் முறை உலகறிந்தது; இரகசியமாக இருப்பது சாவி ஒன்றே. அந்தச் சாவி ஓர் எண். ஒவ்வோர் இணைப்புக்கும் அது புதிதாக உருவாக வேண்டும்.

ஒரு நாணயத்தை 128 முறை சுண்டி, பூ விழுந்தால் 0, தலை விழுந்தால் 1 என்று வரிசையாக எழுதுவதாகக் கொள்வோம். சாவியும் அத்தகையதே. இவ்வாறு அமையக்கூடிய சாவிகளின் மொத்தத் தொகையை எழுத 39 இலக்கங்கள் வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க எந்தக் கணிப்பொறியாலும் இயலாது.

ஆனால் கணிப்பொறிக்கு நாணயம் சுண்டத் தெரியுமா? அது சொன்னதைச் சொன்னபடி செய்யும் பணியாள். தொடக்கமாக ஓர் எண்ணைக் கொடுத்தால், கணக்குப் போட்டு, ஒழுங்கற்றவைபோல் தோன்றும் எண்களை அடுக்கித் தரும். அதே எண்ணை மீண்டும் கொடுத்தால் அதே அடுக்கையே தரும். இத்தொடக்க எண்ணை வித்து என்பர். வித்தை அறிந்தவர் விளைச்சலையும் அறிவார்.

1995ஆம் ஆண்டில் இப்படியே நடந்தது. அந்நாளில் பலரும் பயன்படுத்திய நெட்ஸ்கேப் என்னும் இணைய உலாவி, அப்போதைய நேரத்தையும் வேறு சில எளிய எண்களையும் கொண்டே வித்தை அமைத்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான இயான் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் இருவரும் இதைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தனர். அவர்கள் பூட்டை உடைக்கவில்லை, சாவியை ஊகித்தார்கள். பின்னர் அக்குறை திருத்தப்பட்டது.

அப்படியானால் நல்ல வித்துக்கு எங்கே போவது? இயற்கையிடந்தான். வெப்பமுள்ள பொருள் எதிலும் நுண்துகள்கள் ஓயாமல் அசைகின்றன. மின்சுற்றில் இவ்வசைவு மெல்லிய இரைச்சலாகத் தோன்றுகிறது. 2012 முதல் இன்டெல் நிறுவனத்தின் சிப்புகளில் இதற்கென்றே ஒரு சிறு மின்சுற்று உண்டு. ஓட்டுக்கூரையின் முகட்டில் விழும் மழைத்துளி எந்தப் பக்கம் வழியும் என்று நம்மால் சொல்ல முடிவதில்லை. அதுபோலவே அம்மின்சுற்று இரு நிலைகளுக்கு நடுவில் நிறுத்தப்படுகிறது. இரைச்சல் தள்ளும் பக்கம் சாய்ந்து 0 அல்லது 1 ஆகிறது. இவ்வாறு சேரும் எண்கள் சோதிக்கப்பட்டு, பதப்படுத்தப்பட்டு, வித்தாகப் பயன்படுகின்றன.

இக்கருவியும் பழுதாகலாம் அல்லவா? ஆகவே லினக்ஸ் போன்ற இயக்க அமைப்புகள் இதை மட்டும் நம்பாமல், சாதனங்களிலிருந்து குறிப்புகள் வந்துசேரும் நுண்ணிய நேர வேறுபாடுகளையும் இதனுடன் கலந்துகொள்கின்றன.

மணல்மேல் வீடு கட்டியவனின் உவமையை மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். சுவர் எத்தனை உறுதியாயினும் அடித்தளம் சரியில்லையேல் வீடு நில்லாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு வித்தே நம் இரகசியங்களின் அடித்தளம். நமது கடவுச்சொல்லும் அப்படித்தான். பிறந்தநாளையும் பெயரையும் அதில் வைப்பது, நிலைப்படியின் மேல் சாவியை வைப்பதேயாகும். அதை இன்றே மாற்றுவோம், தோழியரே!