அழிக்க ஏன் இவ்வளவு நேரம்? இரட்டை எஸ்எஸ்டி வைத்திருப்போர் கவனத்திற்கு

தாப்பா – திருமணப் படங்கள், ஆலயத் திருவிழாக் காணொளிகள், பழைய தோட்டப் புகைப்படங்கள் எல்லாம் இன்று கணினியில்தான் இருக்கின்றன. ஒன்று கெட்டாலும் மற்றொன்று காப்பாற்றும் என்று, படக்கடை நடத்துவோர் சிலர் இரண்டு எஸ்எஸ்டிகளை ‘ரெய்ட் 1’ முறையில் இணைத்து வைக்கின்றனர். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றொன்றிலும் பதிவாகும். எல்லா வேலையிலும் வேகமாக ஓடும் இந்த இணை, கோப்புகளை அழிக்கும்போது மட்டும் திணறினால், புதிது வாங்கப் பணம் செலவழிக்கும் முன் காரணத்தைக் கண்டறியுங்கள்.

எஸ்எஸ்டியை லயத்து வீடுகளோடு ஒப்பிடலாம். ஒரு வீடு காலியானால் அதை மட்டும் இடித்துக் கட்ட முடியாது. மற்ற வீட்டாரை வேறு லயத்துக்கு மாற்றிய பிறகே முழு வரிசையையும் இடிக்க முடியும். எஸ்எஸ்டியும் தகவலைச் சிறு பக்கங்களாக எழுதுகிறது; துடைக்கும்போதோ பல பக்கங்கள் சேர்ந்த தொகுதியாகத்தான் துடைக்கிறது. எந்தப் பக்கம் காலி என்று கணினி அதற்குத் தெரிவிக்கும் கட்டளையே ‘டிரிம்’. 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7 முதல் இந்த வசதி விண்டோஸில் உண்டு.

ஒவ்வொரு கோப்பை அழிக்கும்போதும் டிரிம் அனுப்பினால் சில எஸ்எஸ்டிகள் தடுமாறும். இரண்டு இணைந்திருக்கும்போது, இரண்டும் வேலையை முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். மெதுவானதன் வேகமே இரண்டின் வேகமாகிவிடும்.

முதலில் ஒரு பெரிய காணொளியையும், ஆயிரக்கணக்கான சிறு படங்களையும் தனித்தனியே அழித்துப் பாருங்கள். இதற்குத் தேவையற்ற நகல்களையே பயன்படுத்துங்கள். சிறு கோப்புகள் மட்டும் தாமதமானால், ஒவ்வொன்றின் பெயரையும் இடத்தையும் பதிவேட்டிலிருந்து நீக்கும் வேலையே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

அடுத்து, லினக்ஸ் பயன்படுத்துவோர் ‘டிஸ்கார்ட்’ அமைப்பை நிறுத்திவிட்டு மீண்டும் சோதிக்கலாம். வேகம் கூடினால் டிரிம்தான் காரணம். ‘எஃப்எஸ்டிரிம்’ மூலம் வாரம் ஒருமுறை, வேலையில்லாத நேரத்தில் மொத்தமாக அனுப்பினால் போதும்.

அப்போதும் மாற்றமில்லை என்றால், ‘ஐஓஸ்டாட்’ கொண்டு இரண்டு எஸ்எஸ்டிகளின் காத்திருப்பு நேரத்தையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மிகவும் பின்தங்கினால் அதன் ‘ஸ்மார்ட்’ அறிக்கை, வெப்பம், கேபிள் ஆகியவற்றைப் பாருங்கள். மாற்ற வேண்டியது அந்த ஒன்றாக மட்டும் இருக்கலாம். ரெய்ட் அட்டை வழியாக இணைத்திருந்தால், பல அட்டைகள் டிரிமைக் கடத்துவதில்லை என்பதையும் கவனியுங்கள். அத்தகைய நிலையில் எஸ்எஸ்டியை நிரப்பிவிடாமல் ஓரளவு இடத்தைக் காலியாக விடுவது நல்லது.

ஒன்றை மறக்க வேண்டாம். ரெய்ட் 1 காப்பு நகல் ஆகாது. தவறுதலாக ஒரு படத்தை அழித்தால் இரண்டிலும் அது போய்விடும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அழித்ததைச் சில வேளைகளில் மீட்டெடுக்கலாம். டிரிம் முடிந்த எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. இப்போது இல்லாத தோட்டத்தின் படத்தை மறுபடி எடுக்க முடியாது. ஆகவே, சோதனையைத் தொடங்கும் முன்பே கணினியிலிருந்து கழற்றி வைக்கும் வேறொரு டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.